அக்குளில் ஒரு மூச்சு நேரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. டிஸ்பென்சரி ஐயா வரவிடமாட்டார். தெர்மாமீட்டரை அக்குளில் செருகுவார். பிள்ளை அழ வாயைத் திறப்பதற்குள் உருவிவிடுவார். "காய்ச்சல் இல்ல. மலைக்குப் போ." அவர் துண்டு எழுதித் தந்தால்தான் தாய் பிள்ளையோடு லயத்து வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகவேண்டும்.

அன்று காலை என் இரண்டு வயது மகளின் உடம்பு கொதித்தது. தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஐயா செருகினார், உருவினார்.

"தொண்ணூத்தாறு. பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போகும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை போய்க்கொண்டிருக்கும். அதற்கு நேரம் வேண்டும். அது இரும்புக்குச் சொன்னதா, கண்ணாடிக்கும் சேர்த்தா? சரியாக நினைவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசுவதா என்ற பயம் வேறு.

"ஐயா, இன்னுங் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்களேன்."

"அடேயப்பா! எதுவரைக்கும் படிச்ச?"

"எட்டாவதுங்க."

"எட்டாவதுலயே டாக்டராக்கி விட்டுட்டாங்களா?"

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா மட்டும் விடவில்லை. "ஏங்கய்யா, கொதிக்கிற பானையில கரண்டியப் போட்டாக்கூட கொஞ்சம் கழிச்சுத்தானே காம்பு சுடுது?"

என்னை வெட்கப்படுத்தவே மறுபடி செருகினார். "நான் சொல்ற வரைக்கும் எடுக்காத. பொழுது சாயிற வரைக்கும் நில்லு." அந்த நேரம் அவருக்குத் தேநீர் வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்ததால் பொறுமையாக ஊதிக்கொண்டிருந்தார். தேநீர் ஆற நேரம் எடுக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

குடித்துவிட்டு எடுத்துப் பார்த்தார். நூற்று மூன்று.

"இது கெட்டுப்போச்சு." உதறித் தன் அக்குளில் வைத்துக்கொண்டார். தன் உடம்பென்பதால் அவசரப்படவில்லை. தொண்ணூற்றெட்டரை காட்டியது.

"இப்ப நல்லாயிருச்சுங்களாய்யா?" என்றார் அக்கா.

ஐயா துண்டு எழுதினார். ஒரு நாள். நூற்று மூன்று டிகிரி மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்குமுன் இறங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு நாள் கேட்டிருக்கலாம். கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பகல் முழுக்க ஈரத்துணி பிழிந்து நெற்றியில் போட்டேன். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் கை விறைத்துப்போயிற்று. அந்தக் கையால் தொட்டால் கல்லும் சுடும். காய்ச்சல் ஏறுகிறதா, என் கைதான் குளிர்கிறதா? படித்த படிப்பு இங்கேயும் சந்தேகத்தைத்தான் தந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உதட்டை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது.

பின்னேரம் அவள் வியர்த்துப்போய்க் கண்ணைத் திறந்து ரொட்டி கேட்டாள். சுட்டுக் கொடுத்தேன். பாதிதான் தின்றாள்.

மறுநாள் அவளை ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனேன். இன்னொரு துண்டு கேட்க எனக்குத் துணிவில்லை.