நாற்பத்தொரு படத்திலும் இல்லாத டிரைவர்

என் வீட்டுக்காரர் அம்பலவாணனுக்குச் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில், ரெக்கார்டு ரூமில் வேலை. தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கூட்ஸ் சார் வீடு' என்று கேட்டால் பால்காரர்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்.

ஐம்பது வயது மனிதர் லீவு நாளில் காதுகுத்து, கல்யாணம், கோயில் என்று போக வேண்டியதுதானே? இவர் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, பழைய டீசல் இன்ஜின் இழுக்கிற சரக்கு ரயிலைத் தேடிப் போவார். எக்ஸ்பிரஸ் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதிலிருந்து என் சொந்தத் தங்கச்சியே இறங்கி வந்தாலும் அதே கதைதான்.

எங்கள் லைனில் கம்பி இழுத்து மின்சார இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், அப்பாடா, தொல்லை விட்டது என்று கோமதியம்மனுக்கு நான் எலுமிச்சை மாலை சாத்தினேன். அம்மன் மாலையை வாங்கிக்கொண்டாளே தவிர வேண்டுதலை வாங்கிக்கொள்ளவில்லை. தண்டவாளத்துக்குக் கொட்டுகிற ஜல்லியை ஏற்றிவரும் வண்டிக்கு மட்டும் பழைய டீசல் இன்ஜினையே வைத்துக்கொண்டார்கள். அது ஜல்லியோடு இருட்டில் தெற்கே போகும். மறுநாள் காலை காலி வண்டியாக ராஜபாளையம் பக்கம் வடக்கே திரும்பும். அந்த இன்ஜினின் சத்தத்தை இவர் செல்போனில் ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டார். ஒருதடவை துக்க வீட்டில் அது அடித்தபோது நான் இவரைத் தெரியாதவள் மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரிவலம் ரோட்டில் அந்த ரயிலோடு போட்டிபோட்டு பைக்கில் போய், வாய்க்காலில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டு பிரித்த அன்றைக்கே அம்மன் சன்னதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இனிமே ரயில் பின்னால வண்டி ஓட்ட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஸ்கூட்டரின் பின் சீட்டில் கேமராவோடு ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"சத்தியம் என்னாச்சு?" என்றேன்.

"ஓட்ட மாட்டேன்னுதான சொன்னேன். உக்கார மாட்டேன்னு சொல்லலையே மீனா."

இப்படித்தான் ஒரு கணக்கு டீச்சர் ஜல்லி வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஓட்ட ஆரம்பித்தாள்.

அவர் நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிற வழியில், தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு மண்மேடு. அங்கே நின்றால் காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து இன்ஜின் மேல் விழும். இன்ஜினுக்கு அந்தப் பக்கம் மேற்கு மலை நீளத்துக்குத் தெரியும். மலை இல்லாத படத்தை அவர் படம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இன்ஜின் ஜன்னலில் இருந்து ஓர் ஆள் கை காட்டுவார், இவரும் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை. குருவிகுளத்துக்காரர், பெயர் செல்லச்சாமி. ஜல்லி வண்டியின் டிரைவரே அவர்தான் என்று தெரிந்ததும் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷமாக எடுத்த நாற்பத்தொரு படத்தையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். "மலை பின்னால இல்லாட்டா அது படமே இல்ல அண்ணாச்சி" என்பதையே நாலு தடவை சொன்னார்.

செல்லச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் ஜோரா இருக்கு சார். ஆனா நான் எங்க இருக்கேன்?"

"இந்தா, கை காட்டுதீங்கள்லா" என்று இவர் ஜன்னலில் விரலை வைத்தார்.

"அது எங்க அசிஸ்டெண்ட் வெங்கடேஷ். டிரைவர் எப்பவும் இடது பக்கம்லா உக்காருவான்? நீங்க எப்பவும் வலது பக்கத்துல நிக்கீங்க."

நாற்பத்தொரு படத்திலும் வெங்கடேஷ்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் காபி புரையேறிவிட்டது. ரயிலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிகிற மனிதருக்கு டிரைவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்பது தோன்றவே இல்லை.

செல்லச்சாமி சிரிக்கவில்லை. படங்களை அடுக்கி மேஜை ஓரமாக வைத்தார். "முப்பத்தாறு வருச சர்வீஸ் சார். ஆளுங்க போற வண்டின்னா யாராவது ஒரு படம் எடுப்பாவ. கூட்ஸ் டிரைவரை யார் எடுப்பா? இன்ஜின்ல இருக்க மாதிரி ஒரு படம் கொண்டாங்கன்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கா. நின்ன வண்டியில ஏறிப் போஸ் குடுக்க வேண்டாம், ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வேணும்னு சொல்லுதா. வர்ற வியாழக்கிழமை எனக்குக் கடைசி டிரிப்."

"படம் உங்க வீட்டுக்கு வந்து சேரும். அது என் பொறுப்பு அண்ணாச்சி" என்றார் இவர்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அன்றைக்கு இவர் மேட்டில் ஏறவில்லை. ரயில்வே கேட்டைக் கடந்து தண்டவாளத்துக்கு மேற்கே நடந்தார். டிரைவர் பக்கம் அதுதான். ஆனால் அங்கே நின்று பார்த்தால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ரயிலுக்குப் பின்னால் சீமைக்கருவேலமும் ஒரு செல்போன் டவரும்தான் தெரியும். காலை வெயில் எதிரே அடிப்பதால் முகம் கறுத்துத்தான் விழும் என்று வேறு புலம்பினார். மலையை விட்டுக்கொடுத்துவிட்டு இந்த மனிதர் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்கு இவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

நான் ஸ்கூட்டரோடு கிழக்கேயே, வழக்கமான மேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் இருந்துகொண்டேன்.

எட்டு மணி வண்டி பத்தாகியும் வரவில்லை. மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு, அதைச் சங்கரன்கோவில் ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. டூட்டியில் இருக்கும்போது டிரைவர் போனை அணைத்துவிட வேண்டும் என்பதால் கேட்கவும் வழியில்லை. புளிச்சாதத்தையும் துவையலையும் சாப்பிட்டோம். இரண்டு குரூப் ஆடு மேய்ந்து போனது. மூன்று மணி வாக்கில் இவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கத்தினார்.

"ஏட்டி மீனா! வெயில் மேக்க திரும்பிட்டு! இனி அவர் முகத்துல நேரா அடிக்கும்!"

லேட்டாக வந்த ரயிலை வாழ்த்திய முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார்.

நாலு மணிக்குச் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஸ்டேஷனைவிட்டு வந்ததால் வண்டி மெதுவாக உருண்டு வந்தது. இன்ஜின் என்னை நெருங்கியது. என் பக்கத்து ஜன்னலில், இடுப்புவரை வெளியே வந்து, நரைத்த தலையும் தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையுமாக நின்றவர் செல்லச்சாமி!

கடைசி நாள், கொஞ்ச தூரம் நீ ஓட்டு என்று வெங்கடேஷை உட்கார வைத்துவிட்டு, படத்தில் மலை விழுகிற பக்கத்துக்கு மனிதர் வந்து நிற்கிறார். மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். இவரை மட்டும் காணவில்லை.

"அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக் கையை ஆட்டினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்து, அவர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார். நான் அதைவிடப் பலமாக ஆட்டினேன். இப்படியே கடந்து போய்விட்டார்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு எதிரே இவர் தெரிந்தார். வாயெல்லாம் பல். கேமராவைத் திருப்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, இது வெங்கடேஷ்லா!"

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். கேட்டைக் கடந்து அவர் பக்கத்தில் வந்தபோதுதான் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கலாம் என்று குருவிகுளத்துக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் செல்லச்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார். "உங்க மலைக்காக நான் அங்கிட்டுப் போயிருக்கேன், எனக்காக நீங்க இங்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல கூத்துதான் சார்!"

சிரித்தாலும், நாங்கள் கொண்டுபோன படத்தை வாங்க அவர் கை நீட்டவில்லை. அவர் மனைவி இசக்கித்தாய்தான் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முன்னால் டிரைவர் சீட்டில் வெங்கடேஷ் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், எதிர்ப்பக்க ஜன்னலில், வெளியே சாய்ந்து கையைத் தூக்கியபடி ஒரு வெள்ளைச் சட்டை முதுகு.

"இவுகதான்" என்றார் இசக்கித்தாய்.

"முகமே விழலையே மதினி. ஆபீசர்ட்ட கேட்டு இன்ஜின் பக்கத்துல நிறுத்தி வேற ஒண்ணு எடுத்துத் தாரேன்" என்றார் இவர்.

"எனக்கு இது போதும். டூட்டிக்குக் கிளம்புனா சகுனம்னு ஒரு நாள்கூட இந்த மனுசன் திரும்பிப் பாத்ததில்ல. முப்பத்தாறு வருசமா வாசல்ல நின்னு நான் பாத்துக்கிட்டு இருந்தது இந்த முதுகைத்தான? தெரு முனை தாண்டின பிறகு என்ன செய்தாகன்னு இப்பத்தான் பாக்கேன்."

செல்லச்சாமி எழுந்து, படத்தை மாட்ட ஆணி தேடி உள்ளே போனார்.