ஒரு மணி ஐம்பது நிமிடம்

என் அத்தை இருபத்திரண்டு வருடமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறாள். தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் தூரமும் நேரமும் கணினியைத் திறக்காமலே அவள் வாயில் வரும். மகள் வேலைக்குப் போன நகரம் ஆயிரத்து நூற்று இருபது கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். ரெண்டு மணி நேரம்கூட இல்லையே என்று சொல்லித்தான் அவளை அனுப்பி வைத்தாள். ஆனால் ஆறு வருடமாக மகள்தான் வந்து போனாள்.

அந்த மகளுக்குப் பித்தப்பையில் கல். மாலை மூன்று மணிக்கு அறுவைச் சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும் முன் அவள் கையைப் பிடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அத்தைக்கு.

முதல் நாளே போய்விடலாம் என்றேன். நான் மூன்று வருடம் கண்டபடி அலைந்து திரும்பியிருந்தேன். விமான நிலையங்களில் தூங்கிய அனுபவம் உண்டு. அத்தை கேட்கவில்லை.

"ஊர் ஊரா சுத்தினவளுக்குக் கூட்டல் தெரியலையேடி. பதினொண்ணுக்கு ஏறினா பன்னெண்டு அம்பதுக்கு அங்க. மீதி ரெண்டு மணி நேரம் வெட்டியா உக்காந்திருக்கணும்."

காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டினோம். ஜன்னலோர இருக்கையில் அத்தை மேகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சக்கரம் தரையைத் தொட்டதும், சொன்னேன் பார் என்பதுபோல் என் தொடையில் தட்டினாள். அவள் அட்டவணையில் பயணம் அங்கே முடிந்துவிடும்.

கையை வீசிக்கொண்டு போங்கள் என்று எல்லோருக்கும் சொல்பவள், தன் சின்னப் பையைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளாமல் செக்-இன் லக்கேஜில் போட்டிருந்தாள். அது வர நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி இன்னும் நாற்பத்தொரு கிலோமீட்டர் என்று டாக்சி ஓட்டுநர் சொன்னபோது அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் பையை வண்டியில் ஏற்றினேன்.

இரண்டு ஐம்பதுக்கு ஒரு பாலத்தின் மேல் வண்டிகளுக்கு நடுவே நின்றிருந்தோம். மகள் அழைத்தாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள் போலிருக்கிறது.

"தெரியலடி," என்றாள் அத்தை. அந்தக் கேள்விக்கு அவள் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகளின் அறையில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது; அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆயிரத்து நூற்று இருபது கிலோமீட்டருக்கு ஆன அதே ஒரு மணி ஐம்பது நிமிடம், அந்த நாற்பத்தொன்றுக்கும் ஆகியிருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்த மகள் அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ரெண்டு மணி நேரம்கூட இல்லன்னு சொல்லுவியே."

"அது பிளேனுக்குடி. எனக்கு ஏழு மணி இருபது நிமிஷம் ஆச்சு," என்று அத்தை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இத்தனை தடவை வந்தப்ப ஒரு வார்த்தை சொன்னியா?"

ஊர் திரும்பியபின் ஒரு நாள் அவள் ஆபீசுக்குப் போனேன். அதே நகரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டார். அத்தை பென்சிலை எடுத்தாள்.

"இறங்கி யார் வீட்டுக்குப் போகணும்? அது எந்தப் பக்கம்?"