தோப்பூரில் சாய்ந்த சுவர்

புயலோடு வந்த வெள்ளம் வடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் எங்களை நிறுத்திக் கேட்டார்.

"தோப்பூரில ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் குடுக்கவேணும். சனிக்கிழமைகளில ஆர் வாறியள்?"

பதினொரு பேர் கை தூக்கினோம். ஏழு பேர் பாடகர் குழுவில் இருந்தவர்கள். இரண்டு ஆசிரியைகள், ஒரு மருந்துக்கடைக்காரர், அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் நான். எங்களில் ஒருவரும் அதுவரை ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை.

பாதரும் நாங்களும் திருகோணமலையிலிருந்து வாடகை வான் ஒன்றில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனோம். அது ஒரு முஸ்லிம் குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மண்சுவர் வீடு வெள்ளத்தில் கரைந்துவிட்டது. தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். கணவருக்கு முன்பு ஒரு விபத்தில் கால் முறிந்து, இப்போதும் சாய்ந்துதான் நடப்பார். நோன்பு தொடங்க முதல் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே விஷயம்.

முதல் நாள் அந்தப் பெண் மண் அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அதை வாங்கி வைத்தேன்.

"தங்கச்சி, பட்ட கஷ்டம் போதும். நீங்கள் நிழல்ல இருங்கோ. நாங்கள் செய்வம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நன்றியோடு பார்த்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூதூரிலிருந்து பிடித்த மேசன் இரண்டு சனிக்கிழமையில் அத்திவாரத்தை முடித்தார். மூன்றாவது சனிக்கிழமை, காய்ச்சல், வர ஏலாது என்று சொல்லி அனுப்பினார். நாங்களோ வந்து இறங்கிவிட்டோம்.

"இவ்வளவு தூரம் வந்திட்டுச் சும்மா திரும்பிப் போறதே?" என்றார் மருந்துக்கடைக்காரர். "ரெண்டு கிழமையா அந்தாள் செய்ததைப் பாத்தனாங்கள்தானே."

மத்தியானத்துக்குள் பின்சுவர் ஆறு வரிக் கல் உயரம் எழும்பிவிட்டது. அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

சாப்பிட்டு எழும்பும்போது அந்தப் பெண் தையல் நூலில் ஒரு கல்லைக் கட்டிச் சுவரின் மேலிருந்து தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மேலே நூல் சுவரைத் தொட்டது. கீழே நான்கு விரல் விலகி நின்றது.

"பாதர், குறை நினைக்காதீங்க. இது நிக்காது."

"கொஞ்சச் சாய்வுதானே," என்றார் மருந்துக்கடைக்காரர். "பூசினா மறைஞ்சிடும்."

"மறைஞ்சிடும் அண்ணன். ஆனா உள்ளுக்குப் படுக்கிறது என்ட புள்ளையள்."

பாதர் மெல்லக் கேட்டார். "உங்களுக்கு இந்த வேலை தெரியுமே?"

"இவருக்குக் கால் முறிஞ்ச நாள் தொட்டு ஏழு வருசமா மேசன்மாரோட நிண்டனான். இந்த ஊர்ல கன சுவர் என்ட கையால எழும்பினது."

"முதலே சொல்லியிருக்கலாமே," என்றேன் நான்.

"நீங்கதானே அண்ணன் நிழல்ல இரிக்கச் சொன்னீங்க!"

கோபமில்லை, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்த குரல்தான். எனக்கோ காது வரை சுட்டது. மூன்று கிழமையாக அந்த முற்றத்தில் நின்றும் அவரிடம் ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை.

சாந்து காயாததால் கல்லைப் பிடுங்குவது சுலபமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் முதல் கல்லை எடுத்தார். அதற்குப் பிறகு வேலை பிரிப்பது அந்தப் பெண்ணின் பொறுப்பாயிற்று. ஆசிரியைகளில் ஒருவருக்குக் கண் நேரென்று கண்டுபிடித்து நூல் பிடிக்க விட்டார். என்னைச் சாந்து குழைக்க விட்டு, "தண்ணி கூடிப்போச்சு அண்ணன்" என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லாமல் கொத்துக்கரண்டியில் எடுத்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் சித்தியடைந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த கிழமை மேசன் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "ஆர் கட்டினது?" என்று கேட்டார். நாங்கள் அந்தப் பெண்ணைக் காட்டினோம். "அப்ப மற்றச் சுவரையும் அவவே கட்டட்டும், நான் கூரையைப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு மரம் அளக்கப் போய்விட்டார்.

மத்தியானங்களில் கணவர் மீன் ஆணம் காய்ச்சி, எங்களை வரிசையாக இருத்திப் பரிமாறுவார். புளி தூக்கலான அந்தக் குழம்புக்காகவே பாடகர் குழுவிலிருந்து இன்னும் மூன்று பேர் எங்களோடு வரத் தொடங்கினார்கள்.

நோன்புக்கு நான்கு நாள் இருக்கக் கூரை ஏறியது. பிள்ளைகள் இருவரும் வெறும் அறைகளுக்குள் ஓடி ஓடிக் கூப்பிட்டு, தங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்டுச் சிரித்தார்கள். தேநீர் குடிக்கும்போது பாதர் அடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னார். கட்டைபறிச்சானில், தோணியையும் வீட்டையும் இழந்த ஒரு மீன்பிடிக் குடும்பம்.

"பெருநாள் முடியட்டும். நானும் வாறன்," என்றார் அந்தப் பெண். "மேசனைத் தேட வேணாம்."

சொன்னபடியே வந்தார். அந்த வீடும் முடிந்து, இப்போது அவரோடு மூன்றாவது வீடு கட்டுகிறோம். வானில் திரும்பும்போது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் இருக்கும், திங்கட்கிழமை பேனை பிடிக்கவே நோகும். அப்படியிருந்தும் புதன்கிழமையே சனிக்கிழமையை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.