மார்க்கெல் உட்கார்ந்து கொடுத்த படம்

எங்கள் தெருவில் ஓவியர் ஜூலியன் ஆட்வெல்லுக்குப் பிடித்தவை பலகை அடித்து மூடிய ஜன்னல்கள்தான். குடியிருக்கிற வீடுகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரும் எங்களைப் போல் கறுப்பர்தான். அதனால்தான் எனக்கு எரிச்சல் கூடுதல். அவர் அப்பா டாக்டர், வளர்ந்தது புல்வெளி வைத்த வீட்டில். எங்கள் பேச்சை நாற்பது வயதில் கற்றுக்கொண்டு பால்டிமோர் நகரின் மேற்குப் பக்கம், எங்கள் பேட்டைக்கு வந்து, "என் ஜனங்க, என் ஜனங்க" என்று உருகுவார். கேட்கவே குமட்டும்.

என் முடிதிருத்தும் கடையில்தான் அவர் மார்க்கெல் டோர்சியைப் பார்த்தார். மார்க்கெலுக்கு இருபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். எண்ணெய்க் கறை படியப்போகிற வேலைச் சட்டைக்கும் இஸ்திரி போடுகிற பைத்தியம். வியாழன்தோறும் வந்து, நெற்றியோரம் நூல் பிடித்தது போல் இருக்கிறதா என்று இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்து என் உயிரை வாங்குவான். இப்படிப்பட்டவனைத்தான் ஆட்வெல், படம் வரைய எதிரே வந்து உட்காரச் சொல்லிக் கேட்டார். அவன் அம்மா வெர்னெல், மகன் முகம் மியூசியத்தில் வரப்போகிறது என்று அன்றே சர்ச் சபை முழுக்கச் சொல்லிவிட்டார்.

முதல் சனிக்கிழமை, புதிதாக வெட்டிய முடியும் நீலக் கோட்டுமாக ஆட்வெல் முன்னால் போய் நின்றான் மார்க்கெல்.

"ரொம்பப் பளபளன்னு இருக்கியே தம்பி. தினமும் எப்படி இருப்பியோ அப்படி இரு."

"தினமும் இப்படித்தான் சார் இருப்பேன்."

ஆட்வெல் சிரித்துவிட்டு, தலைமூடி வைத்த சாம்பல் ஸ்வெட்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லையாம். எங்கள் வறுமையைக் கடையில் புதிதாக வாங்கி வந்திருக்கிறார் அந்த மகானுபாவர்!

"வேணாம்னு சொல்லிரலாமா அண்ணே? ஆனா அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க" என்று என்னிடம் வந்து நின்றான்.

"துணி எதுவா இருந்தா என்னடா, முகம் உன்னுதுதானே? போய் உக்காரு" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தான். மியூசியத்தில் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நானும் போனேன். சுவரில் எட்டடிப் படம். குழி விழுந்த கண், ஒட்டிய கன்னம், மாதக்கணக்கில் கத்தி படாத முடி, பின்னால் பலகை அடித்த ஜன்னல். கீழே "பெயரில்லா இளைஞன்" என்று அட்டை. ஒயினும் கையுமாக ஒரு கூட்டம் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கோட்டுப் போட்டு நின்றவனை ஒரு ஜென்மம் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க்கெல் நேரே ஆட்வெல்லிடம் போனான். "என் பேரு எங்க சார்?"

"பேரு போட்டா நீ ஒருத்தன் ஆயிடுவே தம்பி. இப்ப நீ எல்லாரும்."

"எல்லாருமா வந்து மூணு சனிக்கிழமை உக்காந்தாங்க?"

ஆட்வெல் அவன் தோளைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். முகமற்றவர்களுக்கு முகம் கொடுக்கிறாராம். முகத்தோடு போனவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டவர் பேசுகிற பேச்சு! கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் வெர்னெல் வந்தார், ஈஸ்டருக்குப் போடுகிற மஞ்சள் தொப்பியோடு. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த எட்டடிப் படத்தின் முன்னால் நின்றார்.

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ! வீட்ல கேக்க ஆளில்ல போல" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஆமா, உன் படம் எங்கடா?" என்று கேட்டார்.

மார்க்கெல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"இன்னும் மாட்டலையாம், அம்மா."

"அதுக்கென்ன. மாட்டுனதும் சொல்லு, சபைய மொத்தமா கூட்டிட்டு வரேன்" என்றார்.