எலும்பு தின்ற பசுவின் பால்

அன்று கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் மாமியார், என் வீட்டுக்காரர், என் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. நான்கு பேர். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. இரண்டு முறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் சிவப்புப் பசு எருக்குழி ஓரமாக நின்று, ஞாயிற்றுக்கிழமை குழம்பில் வெந்த ஆட்டுக் காலெலும்பு ஒன்றைக் கடைவாயில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தது. கடக், கடக் என்று சத்தம். கண்ணைப் பாதி மூடி, கரும்பு மெல்வதைப் போல மென்றது.

"அடுத்த வாரம் அதுக்கும் ஒரு எல போட்டுடு மே" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"சிரிக்கிறான் பாரு, மாடு எலும்பக் கடிச்சா வூடு வெளங்குமா?" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டார்.

நான் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பசுவின் வாய்க்குள் கையை விட்டு எலும்பைப் பிடுங்கினேன். எச்சில் முழங்கை வரை வழிந்தது. பசு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

வீடு விளங்காது என்ற பயம் எனக்கு இல்லை. என் பயம் பெரிய வீட்டைப் பற்றி. எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரகடத்துப் பக்கம் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல் வைத்திருந்தவர்கள் சிலர், மற்றவர்கள் மானாவாரி வேர்க்கடலை. எங்களுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்காரர் கல் உடைக்கப் போனார். ஊர்க் கோடியில் இருந்த பெரிய வீட்டு அம்மாதான் முந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்துப் பசு வாங்க வைத்தவர். காலையும் மாலையும் பால் அவர்களுக்கு. மாதா மாதம் பால் கணக்கில் பாதியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். அது சைவ வீடு. முட்டை ஓடு தெருவில் கிடந்தாலே சுற்றிக்கொண்டு நடப்பார்கள். பிரதோஷத்துக்குச் சிவன் கோவிலுக்குப் போகிற பால் எங்கள் பசுவின் பால். விஷயம் தெரிந்தால் பாலை நிறுத்துவார்கள், மீதிப் பணத்தைக் கேட்பார்கள், பசுவை விற்க வேண்டியிருக்கும். பசு போனால் குழந்தைக்கும் பால் இல்லை. எனக்கு மார்பில் பால் வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

யோசித்து யோசித்து, தப்பு எங்கள் மேல்தான் என்று முடிவுக்கு வந்தேன். வீட்டுக்குள் எலும்பு வந்தால்தானே பசுவுக்கு எலும்பு? மறுநாளே கறி, மீன், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். குழம்புச் சட்டியை உடைத்துப் போட்டுவிட்டுப் புதுச் சட்டி வாங்கினேன். எருக்குழியைக் கிளறிப் பழைய எலும்பையெல்லாம் பொறுக்கி, பனைமரத்தடியில் இடுப்பளவு பள்ளம் தோண்டிப் புதைத்தேன்.

"மாடு பண்ண தப்புக்கு எனக்கு ஏம்மே தண்டன?" என்றார் வீட்டுக்காரர். மூன்றாம் நாளே ரோட்டோரக் கடையில் நெத்திலி தின்றுவிட்டு வந்து, வாசனை தெரியாமலிருக்க என்னிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார். மாமியார் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு மத்தியானம் காதோரம் வந்து, "ஒரே ஒரு துண்டு கருவாடு சுட்டுக் குடுடி. மாடு பாக்காத எடத்துல போயித் துன்னுக்கிறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

அந்த நாட்களில் என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. எது எதைத் தின்கிறது என்றே பார்த்துக்கொண்டு திரிந்தேன். கோழி பல்லியை விழுங்கியது. வெள்ளாடு சுவரில் உப்புப் பூத்த இடத்தை நக்கிக்கொண்டே நின்றது. பக்கத்து வீட்டு நாய் கொல்லையில் வேர்க்கடலைச் செடியைத் தோண்டி, தோலை உரித்துப் பருப்பை மட்டும் தின்றது. நாய் கடலை தின்றால் யாரும் குடி கெட்டதென்று சொல்வதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாடப் புத்தகத்தில் புல் தின்னும் பிராணி ஒரு பக்கம், மாமிசம் தின்னும் பிராணி எதிர்ப் பக்கம் என்று படம் போட்டிருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. எங்கள் பசு எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டது.

பத்தாம் நாள், வறண்ட ஏரிக்குள் செத்த மாடுகளைப் போடுகிற மூலையில், மேயப் போன பசுவைக் கண்டுபிடித்தேன். வாயில் ஒரு விலா எலும்பு. எங்கள் வீட்டு எலும்பு கூட இல்லை. பத்து நாள் நாங்கள் வாயைக் கட்டியது எதற்கு? பாலும் குறைந்திருந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது.

மறுநாள் விடிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். அங்கிருந்த கம்பவுண்டர் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், சிரித்தார்.

"இந்தாம்மா, இந்தப் பக்கத்து மண்ணு அப்படி. புல்லுல சத்தே கெடயாது. எலும்புல கீற சத்து அதுக்கு வேணும், அதான் தேடிக்கினு போவுது. எலும்புத்தூள் வாங்கி தவுட்டுல தெனம் ரெண்டு கரண்டி கலந்து வையி."

"எலும்புத்தூளா? எந்த எலும்பு சார்?"

"எந்த எலும்புன்னா? மாடு, ஆடு, எல்லாந்தான். வேக வச்சி அரைச்சிருப்பான், ஒண்ணும் செய்யாது." மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "ஆனா ஏரில கெடக்கற அழுவுன எலும்பக் கடிக்க வுட்டேன்னு வையி, நாக்கு தொங்கிப்போயி ரெண்டே நாள்ல வுழுந்துடும்."

அன்றே ஒரு பை வாங்கினேன். அன்றே கருவாடும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் பசு ஏரிப்பக்கம் தலை திருப்புவதை விட்டது. நடை சரியானது. பால் ஏறியது.

ஆனால் முன்பு பசு எனக்குத் தெரியாமல் தின்றது. இப்போது நானே கரண்டியால் அளந்து போடுகிறேன். பெரிய வீட்டு அம்மா ஒருநாள், "பால் நல்லா ஏடு கட்டுதே, என்ன போடறே?" என்று கேட்டார். "புண்ணாக்கும்மா" என்றேன். பிரதோஷத்தன்று கோவில் பக்கமே போகவில்லை.

"சொல்லித் தொலைக்காதமே," என்றார் வீட்டுக்காரர். "உள்ள தவுடு போவுது, புண்ணாக்கு போவுது, கூட எலும்பும் போவுது. வெளிய வர்றது பாலு. அவ்ளோதான்."

சரி என்று தலையாட்டினேன். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் காலை பாலை ஊற்றப் போனபோது பெரிய வீட்டு அம்மா, "எங்க மாமனாருக்கு ஒரு வாரமா உன் பாலத் தவிர எதுவும் எறங்கலம்மா" என்றார். பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எருக்குழி, ஏரி, கம்பவுண்டர், இரண்டு கரண்டி.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா சொன்னே? தெரியாம குடிச்ச பாவம் எங்க மேல இல்ல. தெரிஞ்சு குடிச்சா எங்க மேல."

அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டுப் பூனை வாயில் எலியோடு கூடத்தைத் தாண்டி ஓடியது. அந்த வீட்டில் தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க பூனையும் துன்னுதேம்மா."

"பூனப் பாலையா குடிக்கிறோம்?" என்றார் உடனே. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் குரல் தணிந்தது. "அந்தத் தூள நிறுத்திடு. ஒரு மாசம் போவட்டும். திரும்ப உங்கிட்டயே வாங்கிக்கிறேன்."

வழி திறந்துதான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏரி மூலையில் விலா எலும்போடு நின்ற அந்த முகம் கண்ணில் வந்தது.

"நிறுத்தினா அது திரும்ப ஏரிக்குப் போயிடும்மா. அந்த எலும்பக் கடிச்சா செத்துடும்னு சொன்னாரு."

"கட்டிப் போடேன்."

"கட்டிப் போட்டா புல்லுக்கு எங்கம்மா போவேன்? வெலைக்கு வாங்கவா?"

அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வேணாம்மா" என்றார். பால் வாங்கக் கொண்டுவந்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். பணத்துக்கு அவசரமில்லை என்றும், மாட்டை மட்டும் விற்றுவிடாதே என்றும் சொன்னார்.

நிறைந்த தூக்கோடு ரோட்டுக்கு வந்தேன். பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்காரரிடம், இந்த முறை முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் பாலில் விரலை விட்டு எடுத்து, வழிவதைப் பார்த்தார்.

"எலும்பு துன்னா இன்னா, எறும்பு துன்னா இன்னா. தண்ணி ஊத்தினியா, அதச் சொல்லு."

"இல்லண்ணா."

"அப்ப தெனம் கொண்டா. ஆனா பெரிய வூட்டு வெல நம்மகிட்ட வராது தங்கச்சி."

அவர் சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். எலும்புத்தூளுக்கு இவ்வளவு, தவிட்டுக்கு இவ்வளவு, குழந்தைக்கு ஒரு ஆழாக்கு போக மிச்சம் இவ்வளவு. எத்தனை முறை போட்டாலும் கடனுக்கு மாதம் ஐந்து ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழி தெரியவில்லை. ஏழு மாதம் பாலில் கழிந்தது போக, அன்று காலை பெரிய வீட்டுக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது நூற்றிருபத்தெட்டு ரூபாய்.