குட்டைக் காலுக்கு வைத்த சில்லு

என் மேசை இழுப்பறையில் ஒரு செங்கல் சில்லு கிடக்கிறது. இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் கரியேறிக் கறுத்தது. அறையைப் பெருக்க வரும் பெண் இரண்டு முறை அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். இரண்டு முறையும் நான் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, ரிக்‌ஷாக்காரர்கள் வேடிக்கை பார்க்க, சாக்கடை ஓரத்தில் குனிந்து தேடி எடுத்து வந்தேன். "கல்லுக்குமா டீச்சர் காவல்?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தச் சில்லை ஒரு சட்டியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகியவர், எங்கள் பள்ளிக்கூடக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ராத்தா. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் பள்ளியில் இந்துப் பிள்ளைகளுக்கும் அவர் ராத்தா, பர்மியப் பிள்ளைகளுக்கும் ராத்தா, அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமை ஆசிரியைக்கும் ராத்தா.

அப்போது எனக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிது. காலையில் தோன்றிய யோசனை சாயங்காலத்துக்குள் நடந்தாகவேண்டும் என்று துடிக்கிற சுபாவம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் காட்டில் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவதைப் பத்திரிகையில் படத்தோடு பார்த்துவிட்டேன். எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் கூடாது? ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் பள்ளிக்குப் பின்னாலேயே ரயில் பாதை. காலை ரயிலில் இன்சீன் போய், ஒரு மாந்தோப்பில் முகாம் போட்டு, வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடலாம். மூன்று நாள். இரவு தங்குவது கிடையாது என்றதும் தலைமை ஆசிரியை சரியென்று தலையசைத்தார். அவரைப் 'பெரிய டீச்சர்' என்போம்.

ஆனால் என் மனத்தில் இருந்தது தோப்பும் இல்லை, ரயிலும் இல்லை, சாப்பாடு. பள்ளியில் எந்த விசேஷம் வந்தாலும் இந்துப் பிள்ளைகள் ஒரு தாழ்வாரத்தில், முஸ்லிம் பிள்ளைகள் இன்னொரு தாழ்வாரத்தில், அவரவர் வீட்டுத் தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே சட்டியில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை. என்னிடம் ஓர் ஆங்கிலச் சமையல் புத்தகம் இருந்தது. அதில் முகாம் சமையலுக்கென்றே ஒரு பகுதி. கனத்த இரும்புச் சட்டி, மூன்று கால், விளிம்பு தூக்கிய மூடி. கீழே கொஞ்சம் தணல், மூடியின் மேலே நிறையத் தணல். டச்சு அடுப்பு என்று பேர் போட்டிருந்தது. அவித்த உருளைக்கிழங்கு, மக்ரோனி, பால், வெங்காயம், மேலே துருவித் தூவிய சீஸ். கறி இல்லை, முட்டை இல்லை. யாரும் யாரிடமும் ஏன் என்று கேட்கமுடியாத சாப்பாடு. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன்.

ராத்தாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது. படத்தை மட்டும் பார்த்தார். "இது தம் போடுற சட்டிதானே டீச்சரம்மா! பிரியாணிக்கு மூடி மேல நெருப்பு வைக்காமயா ஆக்குறோம்? வெள்ளைக்காரன் நம்மகிட்ட படிச்சுட்டுப் போயி டச்சுன்னு பேர் வச்சிருக்கான்." சீஸ் டின்னைத் திறந்து முகர்ந்ததும் முகம் கோணியது. "அல்லா! இது ஙாப்பிக்கு வெள்ளைக்காரத் தம்பி." ரங்கூனில் இருக்கிறவர்களுக்கு ஙாப்பியின் வாடையைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை, அழுகவைத்து அரைத்த மீன் அது. பிறகு டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பால், உப்பு என்று படித்தேன். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரி. கடைசி நாள் நானும் ஒரு வாய் தின்னு பாக்குறேன்" என்றார்.

முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர். அந்த ஒன்பது வீட்டுக்கும் ராத்தாதான் நடந்தார். நானும் ஒரு நாள் கூடப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், "வெளியில ஆக்குற சோறு, எந்தப் பாத்திரமோ, எந்தக் கையோ" என்று இழுத்தார். "என் கை. என் கண்ணு பாத்த பாத்திரம். உம்புள்ள வாய்ல ஒரு பருக்கை தப்பாப் போனா அதுக்கு நான் பொறுப்பு. போதுமா?" என்றார் ராத்தா. போதுமாக இருந்தது. அந்தத் தெருக்களில் அவருடைய சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. ஒன்பது பிள்ளைகளும் பேர் கொடுத்தார்கள்.

சட்டி மட்டும்தான் கிடைக்கவில்லை. கடைசியில் கெமண்டைன் படகுத்துறைக்குப் பக்கத்தில், பழைய இரும்புக் கடையில், நங்கூரச் சங்கிலிகளுக்கு நடுவே கண்டேன். உள்ளே கண்ணாடி மாதிரி கறுப்பு மினுமினுப்பு. புது இரும்பு சாம்பல் நிறமாக இருக்கும், ஒட்டும், துரு பிடிக்கும். பழகப் பழகத்தான் இந்த மினுமினுப்பு ஏறும், அதுதான் உயர்ந்த சட்டி என்று என் புத்தகம் சொல்லியிருந்தது. கடைக்காரப் பர்மியப் பெரியவர் விரலால் உள்ளே தடவிக் காட்டினார். தேக்கு இழுக்கும் நீராவிப் படகில் இருந்த சட்டியாம். பத்து வருஷம் அதில் வெத்தா வெந்ததாம். "ஒட்டவே ஒட்டாது சயாமா, அத்தனை கொழுப்பு குடிச்சிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். சயாமா என்றால் டீச்சர். வெத்தா என்றால் பன்றிக்கறி. எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். தேய்த்துக் கழுவினால் போகிறது, இரும்புதானே என்று நினைத்தேன். வீட்டில் சோடா உப்புப் போட்டு இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினேன். என்னைப் பொறுத்தவரை விஷயம் அதோடு தீர்ந்தது.

மறுநாள் தாழ்வாரத்தில் சட்டியை இறக்கியபோது ராத்தா சுற்றி வந்து பார்த்தார். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள், பெரிய டீச்சரும் நின்றுகொண்டிருந்தார். "புதுசா டீச்சரம்மா?" என்றார். "புதுசுதான் ராத்தா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. கேள்வி முடிவதற்குள் பதில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு எதுவுமே அப்படித்தான் விழும். அவர் தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனார்.

முகாமின் முதல் இரண்டு நாள் ராத்தா தன் சொந்தப் பாத்திரங்களிலேயே கிச்சடியும் சுண்டலும் ஆக்கினார். மூன்றாம் நாள்தான் விருந்து. பத்து மணிக்கே கரி மூட்டியாயிற்று. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு என்று அதிகாரம் பண்ணினேன். "தம்முக்கு மேல கொஞ்சம்தான் டீச்சரம்மா" என்றார். சீஸ் மேலே சிவக்க வேண்டும் என்றேன். "சரி, உங்க சீஸு, உங்க சட்டம்" என்று இடுக்கியால் தணலை எடுத்து மூடி விளிம்புக்குள் பூக்கட்டுகிற மாதிரி வட்டமாக அடுக்கினார். அடுக்கும்போது சட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. குனிந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த செங்கலை உடைத்து, ஒரு சில்லை எடுத்து ஒரு காலுக்கு அடியில் செருகினார். சட்டி நேராக நின்றது. ராத்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே, என்னைப் பார்க்காமல், தணலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"புதுச் சட்டிக்குக் கால் தேஞ்சிருக்குமா டீச்சரம்மா?"

"வார்ப்பிலேயே குறையாக இருக்கும்" என்றேன். அவர் கைப்பிடி வளையத்தில் உராய்ந்து தேய்ந்த இடத்தை ஒரு முறை பார்த்தார். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. சட்டிக்குள் கொதிக்கிற சத்தம் முதலில் மெதுவாக, பிறகு தடித்துக் கேட்டது. சீஸ் உருகி வாசனை கிளம்பியது; அது டின்னில் இருந்த வாடையே இல்லை, நெய்யும் பாலும் தீய்ந்த மாதிரி ஒரு மணம். பிள்ளைகள் மரத்தடியில் நிற்கமுடியாமல் நெருங்கி நெருங்கி வந்தார்கள். பெரிய டீச்சர் கைதட்டி வரிசையாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள், நான் ஆசைப்பட்டபடியே, கலந்து, ஒரே வரிசையில். ஒன்பது முக்காடுகள் அந்த வரிசையில் எங்கெங்கே இருக்கின்றன என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முக்காட்டுக்குப் பின்னாலும் ஒரு கதவு, ஒரு தாய், "அதுக்கு நான் பொறுப்பு" என்ற ராத்தாவின் குரல். சொல்லிவிடலாமா? சொன்னால் என் முகாம் போயிற்று. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த இரண்டாவது எண்ணம்தான் என்னைப் பயமுறுத்தியது, அது அவ்வளவு சுலபமாக இருந்ததால்.

ராத்தா இரும்புக் கொக்கியோடு அடுப்புக்கு வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "ராத்தா, அது கப்பல் சட்டி" என்றேன். "அதில் வெத்தா சமைத்திருக்கிறார்கள். வாங்கும்போதே எனக்குத் தெரியும்."

கொக்கி வளையத்தில் மாட்டியபடி நின்றது. அவர் கோபப்படுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். "வேற யாருக்குத் தெரியும்?" என்றார். யாருக்கும் தெரியாது என்றேன். "யாருக்கும் தெரிய வேணாம்."

சட்டியைத் தூக்கினார். மூடியின் மேல் தணல் அப்படியே இருக்க, வரிசையை நோக்கி நடந்தார். எதற்காகத் தூக்குகிறார்? எனக்குப் புரியவில்லை. பரிமாறத்தான் போகிறாரா? நான்கு எட்டு, ஐந்து எட்டு. வரிசைக்கு இரண்டு கஜம் இருக்கும்போது அவர் மணிக்கட்டு திரும்பியதைப் பார்த்தேன். நான் ஒருத்திதான் பார்த்தேன். மூடி கழன்று உருண்டது. சாம்பலும் தணலும் மக்ரோனியும் பொன்னிறமாக நூல்விட்ட சீஸும் மண்ணில் கொட்டிப் புகைந்தன. ஒரு தணல் அவர் வலது பாதத்தில் விழுந்தது. உதறினார், ஒரு சத்தம் போடவில்லை. பிள்ளைகள்தான் அலறினார்கள்.

"என்ன ராத்தா இது! கண்ணு எங்க இருக்கு? புள்ளைங்க மேல பட்டிருந்தா?" என்று பெரிய டீச்சர் கத்தினார்.

"கை வழுக்கிருச்சு பெரிய டீச்சர். தப்புத்தான்."

அன்று பிள்ளைகள் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். பெரிய டீச்சர் பயந்துபோயிருந்தார். நெருப்புச் சட்டியோடு பிள்ளைகள் பக்கத்தில் தடுமாறுகிறவரைக் குசினியில் வைத்துக்கொள்ள முடியாது, திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று அங்கேயே சொன்னார். நான் வாயைத் திறந்தேன். ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்தப் பார்வை இல்லாவிட்டால் பேசியிருப்பேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உறுதியாக ஆமென்று சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது அடுப்படியில் கிடந்த அந்தச் சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும் ரயிலில் ராத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலில் தேங்காயெண்ணெய் தடவி வாழையிலை சுற்றியிருந்தார். "எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் ராத்தா" என்றேன். "சொன்னா நாளைக்கு ஒரு உம்மாவும் புள்ளைய அனுப்ப மாட்டா. ஒம்பது புள்ளைங்க. படிக்கட்டும்" என்றார். பிறகு வயலைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட வியப்போடு சொன்னார்: "ஏழு தண்ணி டீச்சரம்மா. மொதத் தண்ணில மண்ணு கலந்து தேய்க்கணும், அப்புறம் ஆறு தண்ணி. அவ்வளவுதான். பன்னி பட்ட பாத்திரத்துக்கு எங்கள்ல வழி இருக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை."

அவர்களுக்கு இது ஒருநாளும் சம்மதமாகாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஒரே பந்தி வேண்டும் என்று குதித்தவள், எதிரில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் உட்கார்ந்து சட்டியைத் தேய்த்தேன். மண்ணைக் குழைத்து, தேங்காய் நாரால், கை தோல் உரியும் வரைக்கும். பிறகு ஆறு தண்ணீர், வாய்விட்டு எண்ணி. மினுமினுப்பெல்லாம் போய் இரும்பு சாம்பல் நிறத்துக்கு வந்தது. அதே சாப்பாட்டை அதில் ஆக்கி, சட்டியோடு ராத்தா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அப்போது வீட்டிலேயே ஆப்பம் சுட்டு விற்கத் தொடங்கியிருந்தார்.

"எத்தன தண்ணி?"

"ஏழு."

"மண்ணு?"

"முதல் தண்ணியில்."

மூடியைத் திறந்து, ஓரத்தில் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஒட்டிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். ஒரு வாய் எடுத்து மென்றார். "ஙாப்பியே தேவல" என்றார். அடுத்த வாயையும் எடுத்தார். ஆனால் நான் கிளம்பும்போது, இன்னொரு நாள் வாங்க என்று அவர் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்லாமல் இருந்ததில்லை.

போன மாதம் ராத்தா நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த ஒன்பது பேரில் கடைசிப் பெண்ணும் இந்த வருஷம் படிப்பை முடித்துவிட்டாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற சொல்லுக்கு இனிக் காவல் தேவையில்லை என்று நானாக எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இதையும் அவரிடம் கேட்கவில்லை.

முகாம்கள் இப்போதும் நடக்கின்றன. சென்ற வாரம் அதே தோப்பில் சட்டியை இறக்கினேன். எத்தனை முறை சமைத்தும் பழைய மினுமினுப்பு திரும்பவில்லை. அடி ஒட்டுகிறது, மழைக்காலத்தில் துரு பிடிக்கிறது. பையிலிருந்து சில்லை எடுத்துக் குட்டைக் காலுக்கு வைத்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு முக்காட்டுப் பெண் குனிந்து பார்த்து, "சட்டி புதுசா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பழசு. கப்பல் சட்டி. பத்து வருஷம் பன்றிக்கறி வெந்தது" என்றேன்.

அந்தப் பெண் பின்னால் ஓர் அடி வைத்தாள். நான் வாளியை அவளிடம் நீட்டி, ஏழு தண்ணீரை ஏற்கெனவே ஊற்றியாயிற்று, வேண்டுமானால் உன் கண் முன்னால் மறுபடி ஊற்றுகிறேன், நீ எண்ணு என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள்.