நீல அட்டை காட்டிய சாயங்காலம்

நடுவர் நீல அட்டையைத் தூக்கிக் காட்டினால் அந்த ஆட்டக்காரரை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நான் நம்பினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவன். சாலையில் ஓர் அதிகாரி கையை உயர்த்தினால் வண்டி ஓரங்கட்டும். காகிதம் அவர் கைக்குப் போகும். பிறகு அந்த வண்டி எப்போது நகரும் என்பது டிரைவருக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது. உலகம் முழுக்க இதே சட்டம்தான் என்று இருந்துவிட்டேன்.

என் மகள் போர்ச்சுகலில் ரோலர் ஹாக்கி ஆடுகிறாள். கால் ஒன்றுக்கு நாலு சக்கரம், கையில் வளைந்த மட்டை, கல் மாதிரி ஒரு பந்து. இங்கே பள்ளிக்கூடத்து கான்கிரீட் தரையில் முட்டி தேய்ந்து கற்றவள், அந்த நாட்டின் முதல் பிரிவு லீகில் ஒரு சின்ன ஊர் அணியில் போய்ச் சேர்ந்தாள். சீசன் முழுக்க அந்த அணி பட்டியலின் அடியிலேயே கிடந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். இறங்கினால் வெளிநாட்டுக்காரியை வைத்துக்கொள்வார்களா என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் டிவி முன்னால் நான், என் மனைவி, பட்டறை பெயிண்டர். சீசன் முழுக்க இதே கூட்டம்தான். ஆனால் எதிரணி பந்தை எடுத்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அதனால் ஒரு சீசன் பார்த்தும் எனக்கு ஒரு விதியும் தெரியாது.

இரண்டுக்கு இரண்டு. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் வாசலுக்கு எழுவதற்குள் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகக் கோலை நோக்கிப் பறந்தாள். என் மகள் பின்னால் துரத்தி மட்டையால் அவள் காலை இழுத்தாள். விசில். நீல அட்டை. மகள் தலையைக் குனிந்தபடி வெளியே போனாள்.

"பர்மிட்டப் புடுங்கிட்டாங்ணா" என்றார் பெயிண்டர்.

எனக்கு அவ்வளவு போதும். உள் அறைக்கு ஓடி, ராசிபுரத்தில் டிக்கெட் ஏஜென்ட்டாக இருக்கும் நண்பருக்கு போன் போட்டேன்.

"லிஸ்பன்ல இருந்து ஒரு டிக்கெட் வேணுங்க. வாரதுக்கு மட்டும்."

"எப்பத்திக்குங்க?"

"இப்பவே."

"ஏனுங்க, பாப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அட்டை காட்டிப்போட்டாங்க!"

"எந்த அட்டைங்க? ஆதாரா?"

அதற்குள் மனைவி அறை வாசலில் நின்றாள். "ஏனுங்க, என்னத்துக்கு இப்படிப் பதறுறீங்க? ரெண்டு நிமிசம் வெளிய உக்காரோணும், அவ்வளவுதானுங்க. அங்க பாருங்க, தண்ணி குடிச்சிட்டிருக்கறா."

போய்ப் பார்த்தேன். குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அந்த இரண்டு நிமிடம் அவள் அணியில் ஓர் ஆள் குறைவு. அந்த இடைவெளியில்தான் கோல் விழுந்தது. மகள் திரும்ப உள்ளே வந்து வெறி பிடித்தவள்போல் ஓடினாள். கடைசியாக அவள் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அன்றைக்கு முதல்முறையாக நான் எழுந்து வாசலுக்குப் போகவில்லை.

பெயிண்டர் டீயைத் தொடாமல் "வாரனுங்ணா" என்று கிளம்பிவிட்டார்.

மகள் கூப்பிட்டபோது ஆறுதல் வசனம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்ப்பா, எனக்கு டிக்கெட் கேட்டீங்களாமா? அந்த ராசிபுரத்து அண்ணன் மெசேஜ் போட்டிருக்காரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நான் இழுக்கலீன்னா அவ அப்பவே கோல் போட்டிருப்பாங்ப்பா."

"தெரியும் சாமி" என்றேன்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "அவருக்கு ஒரு எழவும் தெரியாது சாமி. நீ சாப்டியா?"

அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மகளை யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கும் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்றாள்.